பூஞ்சணம் பிடித்த நாடா

மலேசியாவின் கேமரன் மலையில் எதுவும் முழுதாக உலராது. துவைத்துப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் கையில் ஈரம் காட்டும். சாமி படத்தின் கண்ணாடிக்கு உட்புறமாகப் பூஞ்சணம் ஏறி முருகன் முகத்தைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், பிஸ்கட் டின் ஒன்றுக்குள், நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கிடந்த ஒலிநாடா ஒன்று போன வருடம் என் கைக்கு வந்தது. என் சித்தப்பாவின் டின் அது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்தட்டில் வேலை செய்தவர் அவர். பகலெல்லாம் கொழுந்தைப் புரட்டிய கை இரவில் கித்தார் வாசித்தது. நாடாவில் ஒட்டியிருந்த தாளில் நீலப் பேனாவால் ‘பிராக்டிஸ்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். தேதி இல்லை. வாசித்தவர்களின் பெயர் இல்லை. குழுவுக்குப் பெயராவது இருந்ததா என்று சித்தியைக் கேட்டேன். “தோட்டத்துப் பசங்க செட்டுன்னுதான் சொல்லுவாங்க” என்றார்.

அந்த நாடாவைச் சுத்தம் செய்து கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் அந்தக் காலத்து மின்கித்தார்க் குழுக்களைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். டெக்சாஸில் தொடங்கிய தேடல் பம்பாய், பெங்களூர், மதராஸ் என்று சுற்றிப் பினாங்கில் வந்து நின்றது. படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. திறமையான ஒரு குழு சிதைந்துபோன கதையை எல்லா ஊரிலும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். பையன்கள் முடி வளர்த்தார்கள், போதையில் விழுந்தார்கள், புத்தி பேதலித்தது, கதை முடிந்தது. போதையின் பங்கை மறைக்க நான் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கதையையும் கிட்டப் போய்ப் பார்த்தபோது, அந்த இசை குடியிருக்க ஒரு வீடு இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஏதோ ஒரு கூரை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்கள் பிஸ்கட் டின்னுக்குள் போனார்கள்.

‘சைக்கடெலிக்’ என்ற சொல் 1950களின் நடுவில் பிறந்தது. ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியோடு நடத்திய கடிதப் போக்குவரத்தில் அதை உருவாக்கினார். மனம், வெளிப்படுத்தல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டியது. மனத்தைத் திறந்து காட்டுவது என்பது நேர்ப்பொருள். இதைத் தமிழில் ‘போதை இசை’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள். காதால் கேட்டால் அது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பல்லவி, சரணம் என்ற கட்டு தளர்ந்திருக்கும். ஒரே சுருதி விடாமல் அடியில் ஓடும். ஒலிபெருக்கியை ஏற்றி வைத்துக் கித்தாரை அதற்கு எதிரே பிடித்தால், யாரும் மீட்டாமலே தந்தி அழத் தொடங்கும். அந்த அழுகையையும் பாட்டுக்குள் எடுத்துக்கொள்வார்கள். எதிரொலியைக் கூட்டுவார்கள், நாடாவைத் திருப்பி ஓட விடுவார்கள். பாட்டு எங்கே தொடங்கியது என்பதை மறக்கிற அளவுக்குத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைச் சுற்றுவார்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது புதிதாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். மாரியம்மன் திருவிழாவில் உறுமி கேட்டவர்கள் நாங்கள். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் தோல் முனகும். அந்த முனகலை எந்த ஸ்வரத்தில் எழுதுவது? பத்து நிமிடம் ஒரே அடி. காவடி எடுத்தவரின் கண் நிலைகுத்தி நிற்கும். பக்கத்தில் நிற்கிற நமக்கும் உள்ளங்கால் கூசும். அருள் வருவது என்று அதற்கு நம்மிடம் ஒரு பழைய பெயரும் உண்டு, அதைத் தாங்கிக்கொள்ள ஒரு கோயிலும் உண்டு. வந்தவர் மேல் தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி, மலையேற்றி வீட்டுக்கு அனுப்பி வைப்போம். மேற்கத்திய இளைஞர்கள் அதே வாசலைத் தட்டியபோது மலையேற்றி அனுப்ப அவர்களுக்கு ஆளில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்தில், 1965இன் கடைசியில் ‘தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ என்ற குழு கூடியது. தங்கள் இசையைச் ‘சைக்கடெலிக்’ என்று தாங்களே அழைத்துக்கொண்ட முதல் குழுக்களில் ஒன்று. பாடகர் ரோக்கி எரிக்சனுக்கு அப்போது 18 வயது. ஸ்டேசி சதர்லண்ட் கித்தார். டாமி ஹால் வாசித்தது ஒரு ஜாடி. நாட்டுப்புறக் கச்சேரிகளில் ஊதுகிற சாதாரண ஜாடிதான்; அதன் வாய்க்கருகில் மைக்கைப் பிடித்துத் தொண்டையால் குமிழி ஒலி எழுப்புவார். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு யாரோ விடாமல் பேசுவது போல அது பாட்டு முழுக்கக் கேட்கும். கடத்தைத் தட்டிக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு, கடம் வாய் திறந்தது போல இருக்கும். 1966இல் அவர்களுடைய ‘யூ ஆர் கோனா மிஸ் மி’ என்ற பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 55ஆம் இடம்வரை போனது. அதற்கு மேல் எந்தப் பாட்டும் போகவில்லை.

டாமி ஹால் எல்.எஸ்.டி.யை ஒரு தத்துவமாகவே பிரசாரம் செய்தார். குழு அதை விழுங்கிவிட்டுத்தான் மேடை ஏறியது. அதன் விலையை எரிக்சன் கொடுத்தார். 1968இல் சான் அன்டோனியோ பொருட்காட்சி மேடையில் பேச்சு குழறினார். மனச்சிதைவு நோய் என்றார்கள். மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். இதுவரை கதை எல்லோரும் சொல்கிற மாதிரிதான். அடுத்ததைப் பாருங்கள். 1969இல் ஒரே ஒரு கஞ்சா சுருட்டோடு பிடிபட்டார். அன்றைய டெக்சாஸ் சட்டத்தில் அதற்கே நீண்ட சிறை உண்டு. சிறையைத் தவிர்க்க, மனநிலை சரியில்லாதவர் என்று வாதாடினார்கள். விளைவு, குற்றம் செய்த மனநோயாளிகளை அடைக்கும் ரஸ்க் மருத்துவமனையில் 1972வரை கிடந்தார். கொலைக் குற்றவாளிகள் நடுவில் இருபத்திரண்டு வயதுப் பாடகன். அங்கேயும் சக கைதிகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்து வாசித்தார் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1968இல் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம் ‘லைவ்’ என்ற பெயரில் ஒரு ஆல்பம் வெளியிட்டது. கச்சேரியில் பதிந்தது என்று நம்பி வாங்கினார்கள். ஸ்டூடியோவில் மிச்சம் கிடந்த பதிவுகளின் மேல் கைதட்டல் ஒலியை ஒட்டித் தயாரித்த தட்டு அது. குழு உடைந்துகொண்டிருந்த நேரத்தில், உள்ளே ஒருவன் நோயில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், இல்லாத ஒரு கூட்டத்தின் கைதட்டலை விற்றார்கள். இந்தக் குழுவின் சீரழிவைப் பற்றிப் பேசும்போது எல்.எஸ்.டி.க்கு ஒதுக்குகிற பக்கங்களில் பாதியாவது இந்தக் கைதட்டலுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சதர்லண்ட் 1978இல், வீட்டில் நடந்த தகராறில் மனைவியின் துப்பாக்கிக்குப் பலியானார். எரிக்சன் பல ஆண்டுகள் வறுமையிலும் நோயிலும் கிடந்தார். 1990இல் ஆர்.இ.எம்., ஸீஸீ டாப் போன்ற பெரிய குழுக்கள் அவர் பாட்டுகளைப் பாடி ஒரு காணிக்கை ஆல்பம் வெளியிட்டபோதும் அவர் நிலைமை பெரிதாக மாறவில்லை. அவரை மீட்டது 2001இல் அவருடைய கடைசித் தம்பி. சம்னர் எரிக்சன் பிட்ஸ்பர்க் சிம்பனி இசைக்குழுவில் டியூபா வாசித்தவர். நீதிமன்றத்தில் வழக்காடி அண்ணனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மருந்து கிடைத்தது, பல் வைத்தியம் நடந்தது, வக்கீல் கிடைத்தார். சில ஆண்டுகளில் எரிக்சன் மறுபடி மேடை ஏறினார். 2010இல் புது ஆல்பம் வந்தது. 2015இல் மிச்சமிருந்த எலிவேட்டர்ஸ் ஆஸ்டினில் ஒரு இசைத் திருவிழாவில் கூடி வாசித்தார்கள். அந்தத் திருவிழாவின் பெயரே அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றின் பெயர்தான். 2019இல் எரிக்சன் இறந்தார். அவருக்கு வீடாக அமைந்தது கடைசியில் தம்பியின் கைதான். இசைத் தொழில் அந்த வீட்டைத் தரவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். அங்கே இந்த இசை வந்த காலத்தில் ரவிசங்கர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். 1967இல் மாண்டரே விழாவில் அவர் வாசித்ததை அமெரிக்க இளைஞர்கள் மெய்ம்மறந்து கேட்டார்கள். தம் சங்கீதத்தைப் போதையோடு சேர்த்துப் பார்ப்பது அவருக்கு வேதனையாக இருந்தது, அதை வெளிப்படையாகவே சொன்னார். மின்கித்தார் பிடித்த இந்தியப் பையன்களோ, சித்தார் கேட்டுக் கிறங்கிய ஆங்கிலேயனின் தட்டைக் கேட்டுக் கிறங்கினார்கள். நம் தம்பூரா லண்டனைச் சுற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

இந்தப் பையன்களுக்கு முதலில் கூரை போட்டது ஒரு சிகரெட் கம்பெனி. இம்பீரியல் டுபாக்கோ தன்னுடைய ‘சிம்லா’ சிகரெட்டை விற்க ‘சிம்லா பீட்’ என்ற அகில இந்தியப் போட்டியை நடத்தியது. அதில் வாசித்த குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 ஆண்டுகளின் பெயரில் இரண்டு தட்டுகளாக வந்தன. ஷில்லாங்கிலிருந்து ‘ஃபென்டோன்ஸ்’ வந்தார்கள். மதராஸிலிருந்து ‘கன்ஃப்யூஷன்ஸ்’ வந்தார்கள். அந்தக் காலத்தில் நல்ல வெளிநாட்டு மின்கித்தார் வாங்குவது இந்தியாவில் லேசான காரியமில்லை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு ஒரு பக்கம், சுங்க வரி மறு பக்கம். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் கைவண்ணத்தில் ஒலிபெருக்கி செய்துகொண்டு வாசித்த பிள்ளைகள் அவர்கள். இன்று அந்த இரண்டு தட்டுகளையும் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். கம்பெனிக்கு விளம்பரம் தேவைப்பட்டவரை அந்தக் கூரை இருந்தது.

பெங்களூரைத் தளமாகக் கொண்டு 1970களில் வாசித்த ‘ஹ்யூமன் பாண்டேஜ்’ குழுவை நான் இந்தக் கட்டுரையின் நடுத்தூணாக வைக்கிறேன். சுரேஷ் ஷோத்தம் கித்தார், அவர் சகோதரர் ரமேஷ் டிரம்ஸ். ராதா தாமஸ் பாடினார். ஆண்களே நிறைந்த அந்த உலகத்தில் ஒரு பெண்குரல் முன்னால் நின்றது சாதாரண விஷயமில்லை. பம்பாய் கொலாபாவில் ‘ஸ்லிப் டிஸ்க்’ என்றொரு சின்ன இரவு விடுதி. 1972இல் லெட் ஸெப்பெலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் திடீரென்று வந்து வாசித்துவிட்டுப் போன இடம் அது. அப்படிப்பட்ட விடுதிகள்தான் ஹ்யூமன் பாண்டேஜ் போன்ற குழுக்களுக்குச் சோறு போட்டன. அன்றைக்கு நாட்டின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது அவர்கள் மேடை. ஆனால் விடுதிச் சம்பளத்தில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? குழு கலைந்தது.

ரமேஷ் ஷோத்தம் 1948இல் மதராஸில் பிறந்தவர். குழு கலைந்த பிறகு அவர் எடுத்துக்கொண்ட வாத்தியம் தவில். பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் சேர்ந்து முறையாகக் கற்றார். பிறகு ஜெர்மனியில் குடியேறி, ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் தவிலும் டிரம்ஸும் கலந்து வாசித்து உலகப் பெயர் வாங்கினார். கோயில் வாசலில், கல்யாண வீட்டில், விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலந்தலையில் அடிக்கிற தவில். ராக் டிரம்மர் ஒருவர் ஏன் அங்கே போனார் என்பது எனக்குப் புதிராகவே இல்லை. மூச்சு வாங்கவிடாத அந்த வேகமும், பந்தலையே அதிரவைக்கும் அந்தச் சத்தமும் அவர் தேடிய அதே வீட்டின் இன்னொரு வாசல். ஆயிரம் வருஷமாக யாரோ பெருக்கித் துடைத்து வைத்திருந்த வீடு. அதில் நுழைந்ததால் அவர் நிலைத்தார் என்று நான் துணிந்து சொல்வேன். ராதா தாமஸ் ஜாஸுக்குப் போனார், அவரும் நிலைத்தார்.

பம்பாய் ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’டைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தியாவில் இந்த வகையில் முழு ஆல்பம் பதிந்த மிகச் சில குழுக்களில் அது ஒன்று. ‘அப்ஸெஷன் 77’ என்று அதற்குப் பெயர். சொந்த ஊரில் கவனிப்பில்லாமல் போன அந்தத் தட்டை 2011இல் ‘நவ் அகெய்ன்’ என்ற அமெரிக்க நிறுவனம் தூசி தட்டி மறுபடி வெளியிட்டது. நம் வீட்டுப் பரணை வெளியூர்க்காரர் வந்து ஒழுங்குபடுத்துகிற வழக்கம் இசையிலும் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் கித்தார்க்காரர்களுக்கு நிரந்தரக் கூரை போட்டது சினிமாதான். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், தானே கித்தார் வாசிப்பவர். அவர் தந்தை மலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர் என்பதை இங்கே மலைத்தோட்டத்துப் பிள்ளையாகச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கித்தார் முனகியது, அலறியது, எதிரொலித்தது. எல்லாம் முறையான சம்பளத்தோடு. அதனால் எத்தனையோ கலைஞர்களின் அடுப்பு எரிந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. வாசித்தவர் பெயர் தட்டின் உறையில் பெரும்பாலும் வராது. சொந்தப் பாட்டோடு நான்கு பேர் சேர்ந்து நிற்கிற குழு என்கிற அமைப்பே தமிழில் வேர்விடாமல் போனதற்கு, சினிமா அவ்வளவு நல்ல வீடாக இருந்ததும் ஒரு காரணம். இலங்கையில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் துள்ளிசை என்று தனியாக ஒரு திண்ணை கட்டிக்கொண்டார்கள். ‘சுராங்கனி’ எங்கள் மலைக்கே ஏறி வந்தது. அதை வாசிக்காத தோட்டத்துக் கல்யாணம் கிடையாது.

இப்போது எங்கள் நாடு. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவும் இந்தப் பக்கம் வந்து போனதிலிருந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மூலைக்கு மூலை கித்தார்க் குழு முளைத்தது. மலாயில் அவற்றைக் ‘குகிரான்’ என்றார்கள், துள்ளும் கித்தார்க் குழு என்பதன் சுருக்கம். பையன்கள் மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள், யூரேசியர்கள் என்று கலந்திருந்தார்கள். 1969 மே 13 இனக் கலவரம் அந்த உலகத்தின் மேல் இடியாக விழுந்தது. ஊரடங்கு, அவசரநிலை. இரவுக் கச்சேரிக்குப் பழகிய பிழைப்பு ஊரடங்கில் என்ன ஆகும்? 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடி, நாட்டின் பண்பாட்டுக்கு இந்த வட்டாரத்துப் பூர்வ பண்பாடே அடிப்படை என்று வகுத்தது. தமிழ் மின்கித்தாருக்கு அந்த வரையறைக்குள் இடம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சிங்கப்பூரிலோ நீள முடியே குற்றமாகிவிட்டது. 1972இல் அங்கே கச்சேரிக்கு வந்த லெட் ஸெப்பெலினை முடியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். இருபது ஆண்டு கழித்து, 1992இல், நம் நாட்டுத் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீள முடி ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியை மூடினார். ‘செர்ச்’, ‘விங்ஸ்’ குழுக்களின் பாடகர்கள் கடைசியில் தலை கொடுத்து முடி வெட்டிக்கொண்டார்கள். பாட்டைக் கேட்டுத் தடை போட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். முடிக்கு என்ன பதில் சொல்வது?

இந்தக் காலத்தினூடே நடந்து வந்த தமிழர்கள்தான் ‘அலிகேட்ஸ்’. பினாங்கில் 1960களின் கடைசியில், டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய குழு. முதலில் வைத்துக்கொண்ட பெயர் ‘ஃப்ரஸ்ட்ரேட்டட்’. விரக்தியடைந்தவர்கள் என்று பொருள். அந்தக் காலத்தை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆங்கிலப் பாட்டு வாசித்து இரவு விடுதிகளில் பிழைத்தார்கள், ஹாங்காங்வரை போய் வாசித்தார்கள். சுருள்முடி பந்தாக எழும்பிய அந்த இரண்டு தலைகள் நாடு முழுக்கத் தெரிந்த அடையாளமாயின. பிறகு எம். நாசிர் போன்றவர்கள் இசையமைத்த மலாய்க் காதல் பாட்டுகளைப் பாடி, மலேசியாவின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக உயர்ந்தார்கள். ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி’ ஒலிக்காத கல்யாண மண்டபம் இங்கே இல்லை. லோகநாதன் 2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் துக்கமாக இருந்தது.

அவர்கள் தமிழை விட்டுவிட்டார்கள் என்று குறைப்படுகிற குரலை நான் எங்கள் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. தமிழில் அவர்களுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது? வானொலியில் தமிழுக்கு ஒதுக்கிய நேரத்தைச் சினிமாப் பாட்டு நிறைத்திருந்தது. ஒரு தமிழ்க் குழுவின் சொந்தப் பாட்டுக்குத் தட்டு போடத் தயாராக எத்தனை முதலாளிகள் இருந்தார்கள்? திறந்த கதவு வழியே அவர்கள் போனார்கள், போன இடத்தில் தலை நிமிர்ந்து நின்றார்கள். லோகநாதனின் குரலில் இருக்கிற அந்தக் கம்மல் பினாங்குச் சந்துகளில் வளர்ந்தது. அதை எந்த மொழியும் மாற்றவில்லை. தமிழுக்கென்று சொந்த வீடு கட்டப் பிறகு ஒரு தலைமுறை வர வேண்டியிருந்தது. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ என்ற ராப் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, கித்தாரும் டிரம்ஸும் வாங்கக் காசில்லாத பிள்ளைகளும் நாக்கை வைத்தே குழு கட்டலாம் என்று ஆயிற்று.

மலைக்குத் திரும்புகிறேன். 1885இல் வில்லியம் கேமரன் அளந்துபோன காடு இது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார்; நாலைந்து ஆண்டில் பாரத் தோட்டமும் வந்தது. காடு வெட்டிச் சரிவு திருத்திச் செடி வைத்த கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை. வெளியுலகம் எங்கள் மலையை அறிந்தது வேறு விதமாக. 1967 மார்ச் 26 அன்று, தானா ராத்தா பக்கத்தில் ‘மூன்லைட்’ பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்த பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் உலாவப் போனவர் திரும்பவில்லை. அவரைத் தேடிக் காட்டைச் சலித்தார்கள். இன்றுவரை புத்தகம் எழுதுகிறார்கள். காணாமல் போன ஒரு மனிதருக்கு அது நியாயமான மரியாதைதான். இதே மலையில் காணாமல் போன பாட்டுகளுக்கு ஒரு பக்கமாவது வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சித்தப்பாவின் செட்டில் நான்கு பேர். ஈப்போவில் தவணைக்கு எடுத்த ஒரு கித்தார், கை மாறி வந்த ஒரு பேஸ், டிரம்ஸுக்குப் பதில் கோயில் உறுமியும் ஒரு ஜால்ராவும். பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து கம்பி இழுத்து ஒலிபெருக்கியாக்கியிருந்தார்கள். ரேடியோ அந்தச் சுமையைத் தாங்காமல் கரகரக்கும். டெக்சாஸில் காசு கொடுத்துப் பெட்டி வாங்கி உண்டாக்கிய கரகரப்பு இவர்களுக்குச் சும்மா கிடைத்தது. ஒத்திகை ஆயாக் கொட்டகையில், பிள்ளைகளின் ஏணைக் கயிறு தொங்குகிற உத்தரத்துக்குக் கீழே. பத்து மணிக்குத் தோட்டத்து மின்சாரம் நிற்கும். பாட்டும் அதோடு நிற்கும். காலை பெரட்டுக்குப் போக வேண்டும், தண்டல் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அரை நாள் சம்பளம் போகும். திருவிழா மேடையில் எம்.ஜி.ஆர். பாட்டு கேட்பார்கள், வாசிப்பார்கள். மேடைக்குப் பின்னால் கூட்டம் கலைந்த பிறகு தங்கள் பாட்டை வாசிப்பார்கள். ஒரு முறை பட்டணத்தில் ஒரு கேசட் கடைக்காரர் பதிந்து வெளியிடுகிறேன் என்று நான்கு பேரிடமும் பணம் வாங்கினாராம். இரண்டு தீபாவளி ஆகியும் கேசட் வரவில்லை, பணமும் வரவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகு ‘ரெக்கார்டிங்’ என்ற வார்த்தையையே சொல்ல மாட்டார் என்றார் சித்தி. பேஸ் வாசித்தவர் ஜொகூர் போய் அங்கிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போனார். இன்னொருவர் கோலாலம்பூரில் லாரி ஓட்டினார். போதை இல்லை, பைத்தியம் இல்லை, சண்டைகூட இல்லை.

இன்றைக்குத் தோட்டத்தில் கையால் கொழுந்து எடுப்பது குறைந்து, இரண்டு பேர் தூக்கிப் பிடித்து ஓட்டுகிற இயந்திரம் செடி மேல் போகிறது. ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். லயங்கள் காலியாகக் காலியாக டின்களும் குப்பைக்குப் போகின்றன. ஒலிநாடா காகிதத்தைவிடச் சீக்கிரம் சாகும். அதில் ஒலியைப் பிடித்து வைத்திருக்கிற மெல்லிய பூச்சு ஈரத்தில் பிசுபிசுக்கும், உதிரும். பூஞ்சணம் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தொடங்கி உள்ளே போகும். அந்த நிலையில் ஓடவிட்டால் கருவியின் தலையே பூச்சை வழித்துவிடும். ஆகையால் டின் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் போட்டுக் கேட்காதீர்கள். உலர்ந்த அறையில் வையுங்கள். கோயில் நிர்வாகத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ யாராவது ஒருவர் வட்டாரத்து நாடாக்களையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்த்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

நான் பெட்டியைப் பிரித்து, சுருளைப் புது உறைக்கு மாற்றி, பஞ்சால் ஓரம் துடைத்து, பென்சிலை நடுத்துளையில் விட்டு ஒரு சுற்றாகச் சுற்றி முன்னும் பின்னும் ஓட்டினேன். ஒரே தடவை ஓடினாலும் போதும் என்று கணினியில் பதிவு போட்டுவிட்டுத்தான் அழுத்தினேன். சித்தி பக்கத்தில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் மழை மாதிரி இரைச்சல். பிறகு உறுமி. அதன் முனகல் மேல் கித்தார் வந்து உட்கார்ந்தது. ஒரே சுருதி, விடாமல். நான் டெக்சாஸிலும் பம்பாயிலும் தேடிக் கேட்ட அந்த ஒலி, ரேடியோப் பெட்டியின் கரகரப்போடு, ஆயாக் கொட்டகையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. யாரோ ‘சுருதி, சுருதி’ என்று அதட்டினார். தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. ஆறாவது நிமிடத்தில் கித்தார் மேலே ஏறத் தொடங்கி, எங்கே போகப்போகிறது என்று நான் முன்னால் சாய்ந்த நேரத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம். வானொலி அறிவிப்பாளர் குரல், தீபாவளி வாழ்த்து, சினிமாப் பாட்டு. மேலே பதிந்திருந்தார்கள்.

“நான்தான்” என்றார் சித்தி. “புது கேசட் வாங்க அப்ப காசு ஏது? இவரே எடுத்துக் கொடுத்தாரு, இதுல புடிச்சுக்கன்னு.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். உறுமி தொடங்குவதற்கு முன்னால் இரைச்சலுக்குள் ஒரு இருமல் இருக்கிறது, நான் அதைக் கவனிக்கவேயில்லை. அது வந்ததும் சித்தி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். திரும்பவும் அந்த இடத்தைப் போடச் சொன்னார்.